பின்னறை சிக்னல்

என்னை முதலில் சந்தேகப்பட்டது என் ஆபீஸ். அதன் பிறகுதான் நான் வீட்டுக்கார மாமியைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். அதே நாட்களில் மாமியும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்வார்கள். அதை ஹெட்போனில் கேட்டு, எழுத்தில் பிழை திருத்தி அனுப்ப வேண்டும். வேலை நேரம் முழுவதும் லேப்டாப் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். நெட் அறுந்தால் அது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நான் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டேன் என்று ஆபீஸ் எடுத்துக்கொள்ளும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அந்தப் புள்ளி அடிக்கடி சாம்பலாக ஆரம்பித்தது. பெங்களூரிலிருந்து என் சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், நேத்து ஒரே நாள்ல பதினோரு தடவை ஆஃப்லைன் போயிருக்கீங்க. வீட்ல வேற வேலை ஏதாவது பாக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம், நெட்டுதான் பிரச்சனை பண்ணுது."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது மட்டும் தெரிந்தது. அது கோபத்தைவிட அதிகமாகச் சுட்டது.

எங்கள் வீடு மைசூரில், அக்ரஹாரத்துக் குறுகிய தெரு ஒன்றில் இருக்கிறது. மாடியில் நானும் கணவரும். நாங்கள் இருவரும் ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மேல்கோட்டைப் பூர்வீகம். அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் தமிழ் தனி. எனக்குப் பாதிதான் புரியும். என்னோடு பேசும்போது எல்லோரும் பேசுகிற தமிழில் கன்னடத்தைக் கலந்து பேசுவார்; "இல்லையா?" என்பதற்கு "அல்வா?" என்பார். கவுச்சி சமைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு எங்களைக் குடி வைத்தவர். முட்டைகூட வாங்காமல் இருந்தும், வெங்காயம் வதக்கினால் படிக்கட்டின் கீழே வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். அந்த மட்டில் சந்தேகம் அவருக்கும் புதிதல்ல.

நெட் இணைப்பு வீட்டுக்கு ஒன்றுதான். மாமியின் பெயரில் இருந்தது. வைஃபை பெட்டி கீழே ஹாலில், படிக்கட்டை ஒட்டிய சுவரில் மாட்டியிருந்தது. இரண்டு வருடமாக அதனால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை.

நான் கீழே போய்க் கேட்டேன்.

"மாமி, நாலஞ்சு நாளா நெட்டு ஒழுங்கா வர்றதில்லீங்க. பொட்டியக் கொஞ்சம் பாக்கட்டுங்களா?"

முன்பெல்லாம் நான் போனால் மாமி உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். அன்று கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார். உடம்பால் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு நன்னாத்தான் வரது. மழையில்ல? சும்னே எதுக்கு அதப்போய் நோண்டிண்டு? ஆமேலே, அப்பறமாப் பாக்கலாம்."

"ஒரு நிமிசம்தான் மாமி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாப் போதும்."

"நானே பண்ணிடறேன், நீ போம்மா."

கதவு சாத்தப்பட்டது. தாழ் போடும் சத்தமும் கேட்டது. பட்டப்பகலில் மாமி தாழ் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் கண் மாமி மேலேயே இருந்தது. பால்காரர் வாசலில் ஒரு பாக்கெட்டுக்குப் பதில் இரண்டு வைத்துப் போவதைப் பார்த்தேன். பின்பக்கத் துணிக்கொடி மழையிலும் காலியாக இருந்ததில்லை. இப்போது ஒரு துணிகூடக் காயவில்லை. யாருக்கோ நெட்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும், அதனால்தான் எனக்குக் குறைகிறது என்று ஒரு கணக்குப் போட்டேன். பிறகு வேறொன்று தோன்றியது. எங்களைக் காலி செய்யச் சொல்ல மனமில்லாமல், நாங்களே போகட்டும் என்று இப்படிச் செய்கிறாரோ?

கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, வயசான பொம்பள. அது என்னத்தப் பண்ணப்போகுது? மழைக்கு வயரு எங்கியாச்சும் நனஞ்சிருக்கும்."

"அப்புறம் எதுக்குங்க தாப்பா போட்டுக்குது?"

"அது அது ஊடு. போட்டுக்குது."

அவருக்கு எதிலும் சந்தேகம் வராது. அதனாலேயே எங்கள் வீட்டுக்கான சந்தேகம் முழுவதையும் நானே பட வேண்டியிருக்கிறது.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சாமான் கடை இருந்தது. கடைக்காரர் மைசூரிலேயே பிறந்த தமிழர், என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கும். லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, சிகரெட் பெட்டி அளவு அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். உள்ளே பென்டிரைவ் போல ஒரு சின்னத் துண்டு, அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு ஆண்டெனா.

"வைஃபை அடாப்டர்க்கா. யூஎஸ்பியில சொருகிட்டா போதும். உங்க லேப்டாப்புக்கு உள்ளயே இருக்கிறதுக்கு வயசாயிடுச்சு, காது மந்தம். இதுக்குப் பாம்புச் செவி."

பெட்டியின் ஒட்டுத்தாள் கிழிந்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. கம்பெனிப் பெயர் என்று எதுவும் இல்லை. கூடவே ஒரு சின்ன சீடி. என் லேப்டாப்பில் சீடி போடும் இடமே கிடையாது.

"இதுல வைரஸ் கிரஸ் எதும் வராதுங்களா? நான் ஆபீஸ் வேலை பாக்கறது."

"யாருக்கா சொன்னது? நான் கடை வெச்சிருக்கேன், ஓடிப்போகப் போறதில்ல" என்றபடி, தன் பென்டிரைவிலிருந்து அதற்கான புரோகிராமை என் லேப்டாப்பில் ஏற்றினார். அவர் விரல்கள் போகும் இடமெல்லாம் என் கண்ணும் போனது. என் போட்டோக்கள் இருக்கும் இடத்தைத் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திறக்கவில்லை. ஒரு முழ நீள வயர் ஒன்றையும் கொடுத்தார்.

"லேப்டாப்ல நேராச் சொருகாதீங்க. பக்கத்துல ஹார்ட் டிஸ்க், அது இதுன்னு இருந்தா சிக்னல் குழம்பும். இந்த வயர்ல கோத்து ஜன்னல் பக்கம் தள்ளி வைங்க. திரையில ஒரு நம்பர் வரும் பாருங்க. நூறுகிட்டப் போச்சுன்னா பெட்டி பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். எங்க நல்லா வருதோ அங்க உட்கார்ந்து வேலை செய்யுங்க."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் நான் வழக்கமாக உட்காரும் மேஜையில், அதாவது படிக்கட்டுக்கு மேலே, கீழே ஹாலில் பெட்டி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, எண் முப்பதைத் தாண்டவில்லை. நேர் மேலே முப்பது என்றால் எப்படி? லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையில் வயரோடு ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தேன். சமையலறையில் நாற்பது. அதன் பின்பக்க ஜன்னலில் ஐம்பத்தைந்து.

படிக்கட்டில் இறங்கினேன். மாமியின் ஹால் கதவருகில் இருபத்தெட்டு. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி ஹாலில் இல்லை.

வீட்டைச் சுற்றிக் கொல்லைப் பக்கம் போனேன். தூறல் நின்றிருந்தது. ஈரத் தரையில் செருப்பு சளக் சளக்கென்றது. எண் ஏறிக்கொண்டே வந்தது. அறுபது, எழுபத்திரண்டு, எண்பது. பின்னறை ஜன்னலுக்குக் கீழே நின்று ஆண்டெனாவை உயர்த்திப் பிடித்தேன். தொண்ணூற்றாறு.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. நான் நிமிர்ந்து பார்த்த அதே நொடியில் உள்ளிருந்து ஒரு கை வந்து கதவைச் சட்டென்று இழுத்துச் சாத்தியது. மாமியின் கையில் எப்போதும் இரண்டு தங்க வளையல்கள் இருக்கும். அந்தக் கையில் வளையல் இல்லை.

நான் அப்படியே நின்றேன். திரும்பினால் கொல்லைக் கதவருகில் மாமி நின்றுகொண்டிருந்தார், கையில் துளசி பறித்த கிண்ணம்.

"என்ன தேடற?"

"சிக்னல் பாக்கறேனுங்க மாமி."

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஆண்டெனாவையே பார்த்தார்.

"இது என்ன? கேமராவா?"

"இல்லீங்க, நெட்டுக்குத்தான்."

"கொல்லைப் பக்கம் நீங்க வரதுன்னு பேச்சில்ல. மேலே போ."

இவ்வளவு கடுமையாக அவர் என்னிடம் பேசியதில்லை. அவமானமும் கோபமும் சேர்ந்து என் கண்ணை மறைத்தன. மேலே போனதும் நான் செய்தது, செய்திருக்கக் கூடாத ஒரு காரியம். இணைப்புப் போட்ட நாளில் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்களைப் போட்டோ எடுத்துக்கொள்ள மாமி என்னை அனுமதித்திருந்தார். அதை வைத்துப் பெட்டியின் உள்பக்கத்தை லேப்டாப் திரையில் திறந்தேன். யார் யார் அந்த வைஃபையில் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்தது. என் லேப்டாப், எங்கள் இரண்டு போன்கள், மாமியின் போன், மாமியின் டிவி. ஐந்து. பட்டியலில் ஏழு இருந்தது. ஒன்று வேறு ஒரு போன். ஒன்று லேப்டாப். மாமியிடம் லேப்டாப் கிடையாது.

அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்த குறுகுறுப்பைவிட, பிடித்துவிட்டேன் என்ற திருப்திதான் அப்போது பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கீழே கேட்டைத் தட்டும் சத்தம். மாமி கோவிலுக்குப் போயிருந்தார். நான் மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நடுத்தர வயது, கையில் ஒரு நோட்டு.

"நெட் கம்பெனிலேந்து வரேன் மேடம்" என்று கன்னடத்தில் சொன்னான். "கம்ப்ளெய்ண்ட் ஏதாவது இருக்கா?"

மூன்று வாரமாக என்னை யாரும் நம்பவில்லை. இப்போது ஒரு ஆள் தானாக வந்து குறை கேட்கிறான். நான் இறங்கி ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். வேகம் குறைந்தது, ஆபீஸில் திட்டு வாங்கியது, பெட்டியை இடம் மாற்றியிருப்பது.

"கீழ யார் யார் இருக்காங்க?"

"மாமி மட்டும்தாங்க. ஆனா லிஸ்ட்டுல ரெண்டு அதிகமாக் காட்டுது. ஒரு போனு, ஒரு லேப்டாப்பு."

"லேப்டாப்பா?" அவன் சிரித்தான். "எந்த ரூம்ல மேடம்?"

"பின்னறையிலங்க. பொட்டியும் இப்ப அங்கதான் இருக்குது."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"சரி மேடம், பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மேலே வந்து ஹெட்போனை மாட்டினேன். ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ சொல்லிக்கொண்டே போனார். என் காது அதில் இல்லை. நெட் கம்பெனிக்காரர்கள் பைக்கில் வயர்ச் சுருளோடு வருவார்கள். இவன் நடந்து வந்தான், செருப்பில் சேறு இல்லை. தெருமுனையில் ஏதோ வண்டி நின்றிருக்க வேண்டும். கஸ்டமர் நம்பர் கேட்கவில்லை. பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவன் கேட்டதில் ஒரு கேள்விகூட நெட்டைப் பற்றி இல்லை. எல்லாமே ஆளைப் பற்றி. நோட்டைத் திறந்தான், ஆனால் ஒரு எழுத்து எழுதவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். மாமி கோவிலிலிருந்து வந்துவிட்டிருந்தார். சமையலறை ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதே என் தொழில். மாமி பேசியது என்னோடு பேசும் தமிழ் இல்லை. அவர்கள் வீட்டுத் தமிழ். போனில் பேசுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, அதே தமிழில் ஒரு இளம் குரல் பதில் சொன்னது. அதன் பிறகு அந்தக் குரல் அழுதது.

மாமிக்கு ஒரே மகள். பெங்களூரில் கட்டிக்கொடுத்திருந்தார். ஹாலில் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும். வாய்க்கு வாய் மகளைப் பற்றிப் பேசுகிற மாமி, கொஞ்ச நாளாக அவள் பேச்சையே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யாரிடம் எதைச் சொல்லிவிட்டேன்?

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அவன் உண்மையிலேயே நெட் கம்பெனி ஆளாக இருக்கலாம். ஏன் வலியப் போய் மாட்டிக்கொள்ள வேண்டும்? அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். புள்ளி சாம்பலாகி, மறுபடி பச்சையாகி, மறுபடி சாம்பலானது. பிறகு எழுந்து கீழே போய்க் கதவைத் தட்டினேன். அதே ஒரு சாண் இடைவெளி.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. நான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலைப் பார்த்தது, அந்த ஆள் வந்தது, பின்னறை என்று சொன்னது. மாமியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் முடித்ததும் கதவை முழுதாகத் திறந்தார்.

"உள்ள வா."

நான் உள்ளே போனதும் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை நீ கையில அதப் பிடிச்சிண்டு ஜன்னலுக்குக் கீழ நின்னே பாரு. அப்பவே நினைச்சேன். அவா ஒன்ன வெச்சுண்டு எங்களப் பாக்கறான்னு."

"அய்யோ, இல்லீங்க மாமி. சத்தியமா நெட்டுக்காகத்தானுங்க."

"இப்ப நம்பறேன். அவா ஆளா இருந்தா வந்து சொல்ல மாட்டே, அல்வா?"

பின்னறைக் கதவில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். கல்யாணப் போட்டோவில் பார்த்த முகம்தான், ஆனால் பாதியாக மெலிந்திருந்தது. இடது காதுக்குக் கீழே பழைய காயம் ஒன்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். தலைமுடியை இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"கட்டினவன் எத்தனை நாள் அடிச்சான்னு கேக்காதே" என்றார் மாமி. "ரெண்டு தடவை சமாதானம் பேசி அனுப்பினது நான்தான். மூணாவது தடவை அவளே வந்துட்டா. வேலை கிடைக்கற வரைக்கும் இங்க இருக்கறது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்னா. அவன் வந்து என் கையப் பிடிச்சு அழுதா நான் மறுபடி அனுப்பிடுவேன்னு அவளுக்குப் பயம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மாமி மகளைப் பார்க்கவில்லை. அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

வேலைக்கான இன்டர்வியூ எல்லாம் லேப்டாப் வழியாகத்தான். அதற்காகத்தான் மாமி வைஃபை பெட்டியைக் கழற்றிப் பின்னறைக்குக் கொண்டுபோயிருந்தார். ஹால் ஆணியில் சுற்றி வைத்திருந்த உபரி வயரை அவரே அவிழ்த்து, சுவரோரமாக இழுத்து, ஸ்டூலில் ஏறி மாட்டியிருந்தார். மாடியில் எனக்குச் சிக்னல் குறைந்துபோகும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையாம்.

"அவங்க அனுப்பின அந்த ஆள் மறுபடி வருவான்" என்றாள் அந்தப் பெண். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள். "நாளைக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு அக்கா. நாளன்னிக்கு ஒண்ணு. அது வரைக்கும் மட்டும் போதும்."

நான் யோசிக்கவே இல்லை.

"மேல வந்துருங்க. என்ற ஊட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அன்று மத்தியானமே அவள் ஒரு பையோடு மாடிக்கு வந்தாள். மாலையில் வேலையிலிருந்து வந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "அப்ப நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பெட்டியை மறுபடி ஹாலுக்கு மாற்றலாம் என்று பார்த்தோம். இழுத்த இழுப்பில் வயர் கதவு மூலையில் மடங்கி இருந்தது. இன்னொரு தடவை அசைத்தால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும். புதிய ஆள் யாரும் வீட்டுக்குள் வருகிற நேரமா அது? அதனால் பெட்டி பின்னறையிலேயே இருந்தது. மாடியில் நல்ல சிக்னல் வேண்டுமென்றால் என் அடாப்டர் ஒன்றுதான் வழி. மறுநாள் காலை அதை அவள் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ஆண்டெனாவைச் சமையலறைப் பின் ஜன்னல் வழியாக வெளியே விட்டு, வயர் நழுவாமல் ஒரு துணிக்கிளிப்பால் கம்பியோடு கவ்வி வைத்தேன். எண் எழுபது காட்டியது. சமையலறை மேடை மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் சுவர் மட்டும் தெரியும்படி அவளை உட்கார வைத்தேன். என் புள்ளி அன்று பெரும்பாலும் சாம்பலாகவே இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை. அவளுடைய இரண்டாவது இன்டர்வியூ தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே ஆள். அவனோடு பட்டுப்புடவை கட்டிய ஒரு வயதான அம்மாள், ஊன்றுகோலோடு. மாமியின் சம்பந்தி என்று பார்த்ததுமே ஊகித்துவிட்டேன்.

சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். இன்டர்வியூவை நிறுத்தச் சொல்ல நேரமில்லை. வெளியே வந்து மாடிப்படியின் மேல் படியில் நின்றேன். கீழே மாமி கதவை அகலத் திறந்துவிட்டார். "பாருங்கோ, எல்லா ரூமும் பாருங்கோ" என்று கன்னடத்தில் அவர் சொல்வது கேட்டது. கதவுகள் திறந்து மூடின. ஊன்றுகோல் டொக் டொக்கென்று பின்னறைவரை போனது.

"இந்த ரூம்ல எதுக்கு நெட் பெட்டி?" என்று அந்த அம்மாள் கேட்டது எனக்கே கேட்டது.

"மேல குடியிருக்கறவளுக்கு இங்க வெச்சாத்தான் சிக்னல் கிடைக்கறதாம். வந்து வந்து சண்டை போடறா" என்றார் மாமி. அவருக்கு இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த அம்மாளால் படியேற முடியாது போலிருக்கிறது. அந்த ஆள் மட்டும் மேலே வந்தான். நான்கு படி கீழே நின்று என்னைப் பார்த்தான். பிறகு என் கால் பக்கம் பார்த்தான். வாசலில் இரண்டு ஜோடி லேடீஸ் செருப்பு கிடந்தது. நான் கவனிக்க மறந்திருந்தேன்.

"இது ரெண்டும் யாருது மேடம்?"

"என்னுதுதான்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. ஆங்கிலத்தில், நிதானமாக, எதற்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையைத் தூக்கினான்.

"உள்ள யாரு?"

"ஆபீஸ் மீட்டிங். கம்ப்யூட்டர்ல ஸ்பீக்கர் போட்டிருக்கேன்."

"மீட்டிங் நடக்குது, நீங்க இங்க நிக்கறீங்க?"

"இன்னிக்கு நான் பேச வேண்டியதில்ல. கேட்டாப் போதும். இங்கயே கேக்குதே."

அவன் அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டான். அவனுக்கு அவளுடைய குரல் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவன் அடுத்த படியில் காலை வைத்தான்.

நான் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அன்னைக்கு நெட் கம்பெனின்னு சொன்னீங்களே? உங்க ஐடி கார்டைக் காட்டுங்க. ஒரு போட்டோவும் எடுத்துக்கறேன். பொம்பளைங்க தனியா இருக்கற வீட்டுக்குப் பொய் சொல்லி வந்தது யாருன்னு போலீஸ்ல கேப்பாங்க இல்ல?"

இதையெல்லாம் நல்ல கன்னடத்தில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனான். கார் போகும்வரை அதே படியில் நின்றேன்.

உள்ளே போனபோது அவள் இன்டர்வியூவை முடித்திருந்தாள். வெளியே நடந்தது எதுவும் ஹெட்போனில் அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

"நடுவுல ஒரு தடவைகூட கட் ஆகலை அக்கா" என்றாள்.

நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்னும் பன்னிரண்டு நாள் எங்களோடு இருந்தாள். சமையலறையில் எனக்கு உதவினாள். என் கணவர் இருக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள். நானும் நிற்பேன். காய்க்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், மீட்டர் பார்க்கிறவர் என்று யார் வந்தாலும் மேலேயிருந்து இரண்டு கேள்வி கேட்காமல் நான் விடவில்லை. எட்டாம் நாள் வேலைக்கான கடிதம் வந்தது. எந்த ஊர்க் கிளைக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்வார்களாம். நாலு நாள் கழித்து, நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த நேரத்தில், மாமியும் அவளும் ஆட்டோவில் கிளம்பிவிட்டார்கள். சமையலறை மேடையில் என் அடாப்டரும், ஒரு துண்டுத் தாளில் நன்றியும் இருந்தன. மாமி மட்டும் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

எனக்கு ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் வேலை நேரத்தில் இல்லாமலிருந்த மணிக்கணக்கெல்லாம் அதில் இருந்தது. உண்மையான காரணத்தை எழுத முடியாது. மழை என்று எழுதினேன். அவர்கள் நம்பவில்லை. வேலை போகவில்லை, ஆனால் இன்றுவரை அந்த சூப்பர்வைசர் என் கணக்கை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு சரிபார்க்கிறார்.

மாமி ஆளைக் கூப்பிட்டு வயரை மாற்றி, பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தார். வந்த ஆளின் கார்டை நாங்கள் இருவரும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம். பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று நான்தான் சொன்னேன். மாமி சரியென்றார். பிறகு கேட்டார்.

"அந்த லிஸ்ட்டப் பாக்கறதுக்கு வேற நம்பர் உண்டில்ல? அதையும் மாத்திடலாம், அல்வா?"

"ஆமாங்க மாமி."

"எனக்கு மட்டும் தெரியற மாதிரி."

நான் மாற்றிக்கொடுத்தேன். புது எண்ணை அவர் அடிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

இப்போது மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். வெள்ளிக்கிழமை சுண்டல் கொடுத்து அனுப்புகிறார். மகள் போன் செய்ததாகவும், என்னை விசாரித்ததாகவும், இப்போது கொஞ்சம் சதை பிடித்திருப்பதாகவும் சொல்கிறார். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்வதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு தடவை பேச்சுவாக்கில் "அங்கயும் ஒரே மழையாம்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"காபி குடிக்கறயா?" என்று கேட்டார்.

"குடுங்க மாமி" என்றேன்.